செண்பகனூர் வெந்நீர் ஊற்று

பழனி அடிவாரத்தில் எங்களுக்குப் பூஜைச் சாமான் கடை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் கடைசியில் நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தேன். நாலு வருஷமாகியும் பிள்ளை இல்லை. கடைக்கு வருகிற யாத்ரீகர்களில் பாதிப் பேர் என் வயிற்றை ஒரு பார்வை பார்த்து, ஒரு வைத்தியம் சொல்லிவிட்டுத்தான் விபூதி வாங்குவார்கள். பேரம் பேசி ஒன்றுமே வாங்காமல் போகிறவர்கள்கூட யோசனையை மட்டும் தாராளமாகக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அப்படி வந்த ஒரு திண்டுக்கல்காரர்தான் செண்பகனூரைப் பற்றிச் சொன்னார். கொடைக்கானலுக்குச் சற்று முன்னால் ஓர் இயற்கை வைத்தியசாலை இருக்கிறது. அங்கே மலைக்குள்ளிருந்து வெந்நீர் ஊற்று வருகிறது. உடம்பெல்லாம் மண்ணைப் பூசி, காயவிட்டு, அந்த வெந்நீரில் கழுவினால் தீராத நோய் கிடையாது.

"முட்டுவலிக்குக் கேக்குமாங்க?" என்று என் மாமியார் கேட்டார்.

"பேஷாக் கேக்கும்."

அத்தை குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் கேட்டார். திண்டுக்கல்காரர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு அதற்கும் தலையாட்டினார்.

மறு வாரமே நானும் அத்தையும் கிளம்பினோம். என் கணவர் பஸ் ஏற்றிவிட வரவில்லை. கடையில் கூட்டம். பழனியிலிருந்து நேராக மேலே போகிற பஸ் அப்போது இல்லை. வத்தலக்குண்டு போய்ச் சுற்றித்தான் ஏற வேண்டும். வளைவுக்கு ஒரு தரம் அத்தை எலுமிச்சம்பழத்தை முகர்ந்தார். முகர்ந்து பயனில்லாத வளைவுகளில் ஜன்னல் பக்கம் இருந்த என் மடிமேல் சாய்ந்து தலையை வெளியே நீட்டினார். ஊற்றுத் தண்ணீரைப் பார்ப்பதற்கு முன்பே என் சேலையைக் கழுவ வேண்டியதாகிவிட்டது.

வைத்தியசாலை என்பது தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. நடத்தியவர் தன்னை டாக்டர் என்று சொல்லிக்கொண்டார். முன்பு ரயில்வேயில் கணக்கு எழுதியவராம். கம்பளிக் கோட்டும் குரங்குக் குல்லாவும் போட்டு, கழுத்தைச் சுற்றி மப்ளரும் கட்டியிருந்தார். எங்களைப் பார்த்து, "இங்க ட்ரீட்மெண்ட்ல ஸ்வெட்டர், சால்வை எதுவும் கூடாதும்மா. உடம்பு நேச்சரோட சேரணும்" என்றார்.

பெண்கள் பக்கத்தில் மண் பூசுவதற்கு, மலைச்சரிவிலுள்ள வெள்ளகவிக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அம்மாள் இருந்தாள். மறுநாள் காலை எங்களை ஆளுக்கொரு பழஞ்சேலைத் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்லிக் கல் மேடையில் படுக்க வைத்தாள். வாளியிலிருந்து ஒரு கை மண்ணை அள்ளி என் வயிற்றில் அப்பினாள். கொடைக்கானல் குளிரில் ராத்திரி முழுக்க வெளியே கிடந்த மண். எனக்கு மூச்சு உள்ளே போனது, திரும்பி வரவில்லை. பக்கத்து மேடையில் அத்தை முருகா என்றார். அடுத்த கை விழுந்ததும் முருகனையும் விட்டுவிட்டு, என் மாமனார் பெயரைச் சொல்லி அழைத்தார். அவர் செத்து ஆறு வருஷமாகியிருந்தது. உயிரோடு இருந்தபோது ஒரு தரம்கூடப் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

"இது என்ன மண்ணு?" என்றார் அத்தை.

"புத்துமண்ணுங்க" என்றாள் அந்த அம்மாள்.

புற்றுமண் என்றதும் அத்தை ஒரு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தன் தோளிலிருந்து எதையோ பிய்த்து எடுத்து மூக்கருகே கொண்டுபோனார். ஒரு பூண்டுப் பல்.

"புத்துக்குள்ள பூண்டு வெளையுதா?"

அந்த அம்மாள் என் முகத்தில் மண்ணை வழித்துப் பூசினாள். எந்தப் பூண்டுக் காட்டு ஓரத்தில் வெட்டிய மண்ணோ, காயக்காய வாசனை எழுந்தது. ரசத்துக்குத் தாளித்து வைத்த மாதிரி இரண்டு பேரும் கிடந்தோம்.

ஆனால் ஊற்று அருமையாக இருந்தது. கொட்டகையின் பின்சுவரில் கல்லைக் குடைந்து ஒரு துவாரம். டாக்டர் மணி அடித்த கொஞ்ச நேரத்தில் அதிலிருந்து ஆவி பறக்க வெந்நீர் வந்து தொட்டியில் விழும். அந்தக் குளிருக்கு அதில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. இரண்டாம் நாள் அத்தை துவாரத்துக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்துச் சூடம் காட்டினார். டாக்டரைக் கூப்பிட்டுத் தட்டை நீட்டினார். அவர் சூடத்தை ஒற்றிக்கொண்டு, தன் செருப்பையே பார்த்தபடி நின்றார்.

மண்ணில் மட்டும் அத்தைக்கு ஒரு கண்டிப்பு இருந்தது. தினமும் தன் முட்டிக்குப் பூசியது போக மிச்சத்தை என் வயிற்றுக்கு அனுப்பிவிடுவார். "அவளுக்கு இன்னுங் கொஞ்சம் கனமாப் போடுத்தா" என்பார். நான் கண்ணை மூடிக்கொள்வேன். அங்கே மூடிக்கொள்ள வேறெதுவும் இல்லை.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, முந்தின ராத்திரி முழுக்க மழை. காலையில் வழக்கம் போல மண் பூசி முடித்தார்கள். மணியும் அடித்தது. தண்ணீர் வரவில்லை. மண் இறுகிக்கொண்டே வந்தது. எனக்கு வாயைத் திறக்க முடியவில்லை. அத்தையின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொள்வது என் மேடை வரை கேட்டது. எங்களோடு அன்றைக்குப் படுத்திருந்தது மதுரையிலிருந்து வந்த ஒரு தாசில்தார் மனைவி. அந்த அம்மாளும் முனகத் தொடங்கினாள். அப்போது ஊற்றுத் துவாரத்திலிருந்து தண்ணீருக்குப் பதில் புகை வந்தது.

"ஏத்தா, எந்திரி" என்றார் அத்தை.

இரண்டு பேரும் மண்ணோடு மண்ணாக எழுந்து, பின்கதவைத் தள்ளிக்கொண்டு சுவருக்கு அந்தப் பக்கம் போனோம். அங்கே மூன்று பெரிய கற்கள்மேல் கல்யாண வீட்டு அண்டா ஒன்று இருந்தது. அதிலிருந்து ஒரு குழாய் சுவருக்குள் போயிற்று. வெள்ளகவி அம்மாள் ஊதுகுழலால் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். டாக்டர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, ஈர விறகைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணெல்லாம் சிவந்து நின்றார். புகைக்குள்ளிருந்து இரண்டு மண் உருவங்கள் வருவதைப் பார்த்ததும் அவர் ஓரடி பின்னால் போனார்.

"ஊத்து எங்கங்க?" என்றார் அத்தை.

டாக்டர் விறகைக் கீழே வைத்தார். "இதுதாம்மா."

"இந்த அண்டாவா?"

"அண்டாவும் பைப்பும். மொதல்ல வெந்நீர்க் குளியல்னுதாம்மா போர்டு வச்சேன். வெந்நீர் எங்க வீட்டுலயே இருக்குன்னு எல்லாரும் போயிட்டாங்க. ஊத்துன்னு எழுதினப்புறந்தான் வர்றாங்க."

வீட்டில் உப்பு ஒரு கல் கூடினாலே தெருவுக்குக் கேட்கும்படி பேசுகிறவர் அத்தை. நான் டாக்டருக்காக இரக்கப்பட்டேன். ஆனால் அத்தையின் கன்னத்தில் மண் வெடித்தது. நெற்றியில் ஒரு பாளம் பெயர்ந்து விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எங்க கடை விபூதி லாரியில மூட்டை மூட்டையா வருதுங்க. வாங்குறவங்க மலைமேல இருந்து வந்ததுன்னு கண்ணுல ஒத்திக்கிறாங்க. நாங்க இல்லைன்னா சொல்றோம்? ஆனா உங்க அண்டாவுக்குப் போயி நான் சூடம் காட்டிட்டேனே."

"நீங்க காட்டுனதுலேர்ந்து அண்டாவுல ஒழுகல் நின்னுபோச்சும்மா" என்றார் டாக்டர். அவரும் வியாபாரிதான்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தாசில்தார் மனைவி, "ஊத்துக்கு என்ன ஆச்சு? நின்னு போச்சா?" என்று கேட்டாள். டாக்டரின் முகம் செத்துவிட்டது. அத்தை துவாரத்துக்கு நேராக வாயை வைத்தார்.

"ஒண்ணுமில்லைங்க. அமாவாசையில்ல, ஊத்து உள்வாங்கிக் கெடக்கு. வெரசா வந்துரும். கையெடுத்துக் கும்புட்டுக்கிட்டே படுத்திருங்க."

அமாவாசை போய் ஒரு வாரமாகியிருந்தது. ஆனாலும் அதற்குப் பிறகு அந்தப் பக்கத்திலிருந்து சத்தமில்லை.

டாக்டர் காய்ந்த விறகு தேடிப் போனார். நானும் அத்தையும் அடுப்பருகே குந்தி அனல் காய்ந்தோம். அத்தையும் சிரித்திருக்கிறார், எனக்கும் முகமெல்லாம் மண். இனிமேல் இப்படி ஒரு நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

"அத்தே, என் வயித்துல மண்ணு பூசி ஒண்ணும் ஆகாதுங்க."

"ஏன்?"

"உங்க மகன் கடையில படுக்கிறாரு. நான் வீட்டுல உங்க பக்கத்துல படுக்கிறேன். இந்த மலை மண்ணு பூராத்தையும் அள்ளிப் பூசினாலும் நடுவுல ரெண்டு தெரு கெடக்குங்களே."

வெள்ளகவி அம்மாள் ஊதுவதை நிறுத்தினாள். அத்தை என் பக்கம் திரும்பினார்.

"நாலு வருசமாவா?"

"தீவாளிக்கு வந்தாரு. பொங்கலுக்கு வந்தாரு. அப்பவும் சரக்கு வந்துருச்சுன்னு ஆள் வந்து கூப்புட்டுட்டான்."

"யாவாரத்துல கெட்டிக்காரன்னுல்ல நான் பெருமைப்பட்டுக்கிட்டு இருந்தேன்" என்றார் அத்தை. பிறகு, "இத ஏன்டி முன்னாடியே சொல்லல?" என்றார்.

"பயமாத்தான் இருந்துச்சு அத்தே. இன்னைக்கு உங்க மூஞ்சி சரியாத் தெரியல."

வெள்ளகவி அம்மாள் ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அத்தை அவளை முறைத்தார். முறைத்த இடத்திலும் மண் உதிர்ந்தது.

டாக்டரோடு முதலில் பேசிக்கொண்டபடி மிச்ச நாட்களையும் இருந்து முடித்தோம். ஆனால் என் வயிற்றுக்கு மண் போடச் சொல்வதை அத்தை அன்றோடு விட்டுவிட்டார். தன் முட்டிக்கே எல்லாவற்றையும் வைத்துக்கொண்டார்.

பழனியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அத்தை வீட்டுக்குப் போகவில்லை. பூண்டு மணக்கப் பையோடு கடைக்குள் நுழைந்து, என் கணவரின் பாயையும் தலையணையையும் எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வீட்டுக்குப் போ. இனிமே இங்க நான் படுத்துக்கிறேன்."

"வெள்ளனே பாதயாத்திரை ஆளு வருமேம்மா."

"வந்தா நான் எந்திரிச்சு யாவாரம் பாக்குறேன். நீ போயி உன் சோலியப் பாரு."

கடையில் நின்ற காவடிக்காரர்கள் முன்னால், பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் தெருவில் நடந்தார். நான் பத்தடி பின்னால் போனேன். நடந்த வழியெல்லாம் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுத்த சித்திரையில் மகள் பிறந்தாள். செண்பகனூர் மண்ணின் மகிமை என்று அத்தை தெரு முழுக்கச் சொன்னார். தெருவிலிருந்து ஐந்தாறு பெண்களை டாக்டரிடம் அனுப்பியும் வைத்தார். அனுப்புமுன் ஒவ்வொருத்தியையும் தனியாகக் கூப்பிட்டு, வீட்டுக்காரர் எங்கே படுக்கிறார் என்று விசாரித்துக்கொண்டார். சிலரை மலைக்கு அனுப்பாமல் வீட்டுக்கே திருப்பி அனுப்பியதும் உண்டு. டாக்டர் நன்றிக்காக ஒவ்வொரு சீசனிலும் ஒரு கூடை பேரிக்காய் கொடுத்தனுப்புவார். அத்தை அதில் நல்லதாகப் பார்த்து எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு, முட்டியைப் பிடித்தபடி, சுவரோரமாகத் தாங்கித் தாங்கி, ராத்திரி படுக்கக் கடைக்கு நடந்து போவார்.