சிவப்புச் சைக்கிள் சரணம்

நான் லிஃப்ட் திருத்துகிறவன். பாரிஸில் இருபத்தைந்து வருஷமாக அதுதான் தொழில். லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் கடவுளைத் தேடுவார்கள், நான் வயரைத் தேடுவேன், வயர் கிடைக்கும். ஆவி, அது இது என்று யாராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நீங்களும் இப்போது அப்படி எழுந்து போகப் பார்ப்பீர்கள் என்பதால்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் இருக்கிற லா ஷப்பலில் ஞானம் அண்ணையைத் தெரியாத பழைய ஆட்கள் இல்லை. எழுபதுகளில் யாழ்ப்பாணத்தில் ஒரு பொப் இசைக்குழுவில் பாடியவர். கிதார், பொங்கோ, அக்கோர்டியன், முழங்காலுக்குக் கீழே அகன்ற காற்சட்டை எல்லாம் உண்டு. இருபத்துநாலு வயதில் அவர் பாடிய பாட்டு ஒன்று சின்ன இசைத்தட்டாகவும் வந்தது. அதன் மூன்றாவது சரணத்தில் சிவப்புச் சைக்கிளில் ஒரு பெட்டை வருவாள், ஒரு வீட்டு வாசலில் மட்டும் மணியடிப்பாள், உள்ளே யார் என்பது ஊருக்கே தெரியும். அவ்வளவுதான். இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். அன்றைக்கு வானொலியில் அந்தப் பாட்டை நிறுத்தினார்கள், தேவாலயத்தில் சுவாமியார் பூசையிலேயே கண்டித்தார், அதனாலேயே எங்களுக்கெல்லாம் அது மனப்பாடம்.

பாட்டில் பெயர் கிடையாது. ஆனால் எங்கள் பக்கத்தில் சிவப்புச் சைக்கிள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ரஞ்சி அக்காவுடையது. அவர் டியூட்டரிக்குப் போகும்போது மதகில் இருந்து நாங்கள் பாடுவோம். எனக்குப் பன்னிரண்டு வயது, எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியவன் நான்தான், வாயாலேயே மணியும் அடிப்பேன். சில நாளில் அவர் நடந்து போகத் தொடங்கினார். பிறகு படிக்கப் போவதையே விட்டுவிட்டார்.

வெட்கக்கேடு என்னவென்றால், பாரிஸுக்கு வந்த பிறகும் இதை நாங்கள் பகிடியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தோம். ஒரு சைக்கிள் மணிக்குப் போய் வானொலி பயந்த காலம் என்று சொல்லிச் சிரிப்போம். அந்தப் பெட்டை என்ன ஆனாள் என்று ஒருவரும் கேட்டதில்லை. இத்தனைக்கும் ரஞ்சி அக்கா பாரிஸுக்குப் பக்கத்தில் திரான்சியில்தான் இருந்தார், ஞானம் அண்ணையின் மனைவிக்கு ஒன்றுவிட்ட தங்கை.

யுத்தம் முடிந்து நாலைந்து வருஷத்தில் ஞானம் அண்ணைக்கு நெஞ்சில் நோய் வந்தது. கடைசி மாதங்களில் ஒரு இருமல், முதலில் சின்னதாக இரண்டு, பிறகு மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு "ம்". ஆஸ்பத்திரியில் ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் செத்து முப்பத்தொண்டாம் நாளுக்கு உந்தப் பாட்டைப் போடச் சொல்லி இவை கேப்பினம். தட்டு உன்னட்டைத்தான் கிடக்கு. மூண்டாவது சரணத்தைப் போட்டுடாதை. ரஞ்சியும் வருவா. நாப்பது வருசமா அவவின்ரை முகத்தை நான் நேரை பாக்கேல்லை."

"ஓம் அண்ணை" என்றேன்.

ஆனால் பழைய இசைத்தட்டு சேர்க்கிறவனுக்கு ஒரு கிறுக்கு உண்டு. பாட்டைக் கணினியில் ஏற்றி அந்த இடத்தை வெட்டிவிட எனக்கு மனம் வரவில்லை. தட்டையே போடுவோம், அந்த இடம் வரும்போது சத்தத்தைக் குறைத்தால் போதும் என்று நினைத்தேன். முப்பத்தோராம் நாள் காலையில் மார்க்ஸ் டோர்மோயில் என் வீட்டில் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது சரணம் கணீரென்று இருந்தது. இரண்டு தரம் கேட்டேன், அது சத்தியம்.

பூசை முடிந்து லா கூர்னெவ்வில் ஒரு மண்டபத்தில் மதியச் சாப்பாடு. தட்டைச் சுழலவிட்டேன். முதல் வரியிலேயே கிழடுகளெல்லாம் கைதட்டத் தொடங்க, எனக்கும் பன்னிரண்டு வயது திரும்பிவிட்டது. எழுந்து நடுவுக்குப் போய் நானும் சேர்ந்து பாடினேன். இரண்டாவது சரணம் முடிகிற நேரம் நிமிர்ந்தால், குசினி வாசலில் வடைத் தட்டோடு ரஞ்சி அக்கா நிற்கிறார். தட்டு அவர் கையில் அசையவில்லை. நான் மெஷினுக்கு இருபது அடி தூரத்தில், நடுவில் மேசையும் கதிரையும் ஆட்களும். ஓடிப்போனாலும் முடியாது. செத்தவருக்குக் கொடுத்த ஒரே ஒரு சொல்லையும் நான் காப்பாற்றவில்லை.

குரல் வரவில்லை.

கிதார் போனது, பொங்கோ போனது, அக்கோர்டியனும் அதன் பாட்டுக்குப் போனது. பாட்டு மட்டும் இல்லை. இன்னொன்று சொல்கிறேன், நம்பினால் நம்புங்கள். வாயைத் திறந்து காத்திருந்த அத்தனை பேரில் ஒருவர்கூட அந்த வரிகளைப் பாடவில்லை. ஒரு முழுச் சரணத்தின் நீளத்துக்கு வாத்தியம் மட்டுமே கேட்டது, பிறகு பல்லவிக்கு அவர் குரல் பழையபடி வந்தது.

போகும்போது ரஞ்சி அக்கா என்னிடம் வந்தார்.

"அதை வெட்டிப்போட்டீர் என்ன? பெரிய காரியம் தம்பி. உம்மை நான் வேறை மாதிரி நினைச்சிருந்தனான்."

"ஓம் அக்கா" என்றேன். அந்தப் பொய்யை இன்றுவரை திருத்தவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டே அவர் கேட்டார். "ஆனா, அந்த இடத்திலை ஆரோ இருமினது. ஆர் அது?"

மண்டபத்தில் யாராவது இருமியிருப்பார்கள் என்றேன்.

வீட்டுக்கு வந்து தட்டை மறுபடி போட்டேன். சரணம் இல்லை. பழைய இசைத்தட்டு விற்கிற பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, கீறலோ வெட்டோ எதுவும் இல்லை, அச்சடித்ததே இப்படித்தான் என்றார். அப்படியென்றால் அன்று காலையில் நான் கேட்டது என்ன? வயரைத் தேடிக் களைத்துவிட்டேன்.

வருஷத்துக்கு ஒருமுறை, அவருடைய திவசத்தன்று, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த இடத்தை மட்டும் கேட்கிறேன். இருபத்துநாலு வயதில் அவர் பாடிய தட்டு அது. பொங்கோவுக்குப் பின்னால், சின்னதாக இரண்டு இருமல், பிறகு ஒரு "ம்".