தானா ஆயிருக்குங்க

வீடு வீடாகப் போய் மெயிலும் பிரௌசரும் சரிசெய்து கொடுப்பது என் தொழில். அதற்கு முன்னால் பெருந்துறையில் ஒரு கம்பெனியில் பதினொரு வருடம் கம்ப்யூட்டர் பிரிவில் இருந்தேன். ஆட்களைக் குறைத்தபோது என்னையும் குறைத்தார்கள். கணபதி என்கிற பகுதிக்குக் குடிவந்து, தெரிந்தவர் ஒருவருக்குத் தொலைந்துபோன பாஸ்வேர்டை மீட்டுக் கொடுத்தேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார், அவர் வேறொருவரிடம் சொன்னார், அப்படியே இதுவே பிழைப்பாகிவிட்டது. வேலை போன அன்றைக்கு அழுவேன் என்று நினைத்திருந்தேன். அழவில்லை. ஒரே பக்கமாகப் படுத்து அமுங்கிய கை மாதிரி அன்று ஏதோ மரத்துப்போனது, இன்னும் முழுசாகத் தெளியவில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அனுதாபத்துக்காகவும் சொல்லவில்லை.

தொழிலில் எனக்கென்று இரண்டு பழக்கங்கள் வைத்திருந்தேன். யாருடைய மெயிலையும் படிக்கமாட்டேன். கண் முன்னால் திறந்து கிடந்தாலும் எழுத்தைப் பார்ப்பேன், வார்த்தையைப் பார்க்கமாட்டேன். இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு. மற்றது, தப்பு அவர்களுடையது என்று சொல்லமாட்டேன். "நீங்கதானுங்க கெடுத்துப்போட்டீங்க" என்று சொல்லிவிட்டு எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து காபி குடிக்க முடியாது. அதனால் எது எப்படிக் கெட்டிருந்தாலும் "தானா ஆயிருக்குங்க" என்பேன். கேப்ஸ் லாக்கை அமுக்கி வைத்துக்கொண்டு பாஸ்வேர்டு தப்பு என்று ஒரு வாரம் சண்டை போட்ட பெரிய மனுசனிடமும் அதையேதான் சொன்னேன். உள்ளுக்குள் எரிச்சல் மண்டையைப் பிளக்கும். வாய் மட்டும் பதமாகப் பேசும்.

துடியலூரில் ஒரு டீச்சர் வீட்டுக்கு நான் ஏற்கெனவே ஒன்றிரண்டு தடவை போனதுண்டு. நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வீட்டுக்காரர் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறை வைத்திருந்து, அதைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருப்பவர். இந்த முறை டீச்சரே போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, கம்ப்யூட்டர் ஓரத்துல கண்ட கண்ட படமெல்லாம் எட்டி எட்டிப் பாக்குதுங்க. எங்க ஊட்டுல அவிய பாத்தா என்னை என்ன நெனைப்பாங்க? சித்தெ வந்துட்டுப் போங்க."

போனேன். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் பூப்போட்ட துணி மூடிய கம்ப்யூட்டர். டீச்சருக்குக் கண் ஆபரேஷன் முடிந்து பத்து நாள். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். வந்தது வைரஸ் இல்லை. எந்தத் தளத்துக்குப் போனாலும், அறிவிப்புகள் அனுப்பலாமா என்று பிரௌசர் கேட்கும் அல்லவா? கேட்ட அத்தனைக்கும் 'அனுமதி' என்பதை அமுக்கி வைத்திருந்தார். நாற்பதுக்கு மேல் இருந்தது.

"ஏனுங்க இதையெல்லாம் அமுக்குனீங்க?"

"அனுப்பலாமான்னு கேக்குதுங்களே. கேக்கறப்ப மாட்டேன்னு எப்புடிங்க சொல்றது?"

"தானா ஆயிருக்குங்க" என்றேன். ஒவ்வொன்றாக நீக்கினேன்.

மெயில் அதைவிட மோசம். வந்த எல்லாவற்றுக்கும் பதில் போட்டிருந்தார். பாங்க்கிலிருந்து வந்த தானியங்கி மெயிலுக்கு, தகவலுக்கு நன்றி. சேலைக் கடை விளம்பரத்துக்கு, இப்போதைக்குத் தேவைப்படவில்லை, தேவைப்படும்போது வருகிறேன், வணக்கம். கோடிக்கணக்கில் பரிசு விழுந்திருக்கிறது என்று எழுதிய திருட்டுப்பயலுக்கு, எனக்குப் பரிசு விழ நியாயமில்லை, விலாசத்தைச் சரிபார்க்கவும். இவையெல்லாம் அவரே எனக்கு வாய்விட்டுச் சொன்னவை. நானாகப் படித்தவை இல்லை. இந்த விலாசத்துக்குப் பதில் எழுதாதீர் என்று வந்ததற்கும், சரி, இனி எழுதவில்லை என்று எழுதியிருந்தார். இப்படிப் பதில் போடப் போட, இங்கே ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு குப்பை மெயில்கள் குவிந்திருந்தன.

"இதுக்கெல்லாம் பதில் போட வேண்டியதில்லீங்க டீச்சர்."

"வந்த மெயிலுக்குப் பதில் போடாம இருக்கறது மரியாதையா தம்பி?"

குப்பை மெயில்களை அழிக்க ஆரம்பித்தேன். துடைத்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கிளம்பலாம் என்று எழுந்தபோது அவர் பின்வாசலைப் பார்த்தார். வீட்டுக்காரர் எலுமிச்சை மரத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"இன்னொண்ணு கேக்கட்டுங்களா? எனக்கு ஒரே மகளுங்க. அவளாப் பாத்துக் கல்யாணம் பண்ணிப்போட்டா. வேற ஆளுங்க. எங்க ஊட்டுல அவிய என்ற கையப் புடிச்சுச் சத்தியம் வாங்கிப்போட்டாங்க, நானாப் பேசப்புடாது, நானா எழுதப்புடாதுன்னு. போன் நம்பரையும் மாத்திப்போட்டாங்க. நானும் சரின்னுட்டேன்." கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. "ஆனா வந்த மெயிலுக்குப் பதில் போடப்புடாதுன்னு சத்தியம் வாங்கலீங்க. அவ எழுதுவா, நான் பதில் போட்டுக்கலாம்னு இருந்தேன். ரெண்டு வருசம் ஆகப்போகுது, ஒண்ணுகூட வல்லீங்க. கொழாயில அடைச்சுக்கற மாதிரி மெயிலும் எங்காச்சும் அடைச்சுக்குமுங்களா?"

ஸ்பாம் பெட்டியில் பார்த்தேன். இல்லை. இடம் நிரம்பியிருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. தடுக்கப்பட்ட விலாசங்களின் பட்டியல் காலியாக இருந்தது. கடைசியாக ஃபில்டர்களைத் திறந்தேன். இன்ன விலாசத்திலிருந்து வந்தால் இன்பாக்ஸில் காட்டாமல் நேராக ட்ராஷில், அதாவது குப்பையில், போடு என்று மெயில் பெட்டிக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டு வைக்கிற இடம் அது. ஒரே ஒரு ஃபில்டர் இருந்தது. அதில் ஒரே ஒரு விலாசம்.

போட்டது நான்.

அந்த விலாசம் எழுதிய துண்டுச்சீட்டுகூட நினைவுக்கு வந்தது. பட்டறை பில் புத்தகத்தில் கிழித்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால் வீட்டுக்காரர் கூப்பிட்டிருந்தார். டீச்சர் ஏதோ விசேஷத்துக்குப் போயிருந்தார். "வேண்டாத மெயிலுங்க தம்பி. ஊட்டுல மனசு சங்கடப்படுது. வந்ததே தெரியாத மாதிரி பண்ணிப்போடுங்க" என்றார். அந்த விலாசத்திலிருந்து வந்த மெயில் ஒன்று அப்போது திரையில் முதலாவதாக நின்றது. நான்தான் யார் மெயிலையும் படிக்காதவன் ஆயிற்றே. அதையும் சேர்த்துத் தள்ளிவிட்டேன். இரண்டு நிமிட வேலை. போகும்போது ஒரு பை எலுமிச்சம்பழம் கொடுத்தார். என் மனைவி ஊறுகாய் போட்டாள், மாசக்கணக்கில் தயிர்சோற்றுக்குத் தொட்டுக்கொண்டோம்.

"என்னங்க தம்பி, ஏதாச்சும் இருக்குதுங்களா?"

"ஃபில்டர் ஒண்ணு விழுந்திருக்குதுங்க."

"ஆரு போட்டது?"

"தானா ஆயிருக்குங்க."

யோசித்துச் சொல்லவில்லை. வருடக்கணக்கில் சொல்லிச் சொல்லி நாக்கில் தயாராக இருந்தது, வந்துவிட்டது. பின்வாசலில் தண்ணீர்ச் சத்தம் நின்றிருந்தது.

ஃபில்டரை எடுத்துவிட்டு ட்ராஷைத் திறந்தேன். முப்பது நாளுக்கு மேல் ஆனவை தாமாகவே அழிந்துவிடும் என்று டீச்சரிடம் சொன்னேன். அதற்கு முந்தையவை எதுவும் இனிக் கிடைக்காது. ஒரே ஒரு மெயில் மிச்சம் இருந்தது. டீச்சர் கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், எழுத்து பிடிபடவில்லை. அப்போதுதான் சொட்டு மருந்து விட்டிருந்தார்.

"படிச்சுச் சொல்லுங்க தம்பி."

இந்தத் தொழிலில் நான் படித்த முதல் மெயில் அதுதான். கரண்ட் பில்லைப் படிப்பதுபோலப் படித்தேன்.

"அம்மா, இந்த மாசமும் எழுதறேன். உனக்கு வந்த எதுக்கும் நீ பதில் போடாம இருந்ததில்ல. அது எனக்குத் தெரியும். அதனால இத்தனை மாசமாப் பதில் வராததையே உன்னோட பதில்னு எடுத்துக்கறேன். இனிமே எழுதித் தொந்தரவு பண்ணல. கண் ஆபரேஷன் தேதி வந்துச்சுன்னா தள்ளிப் போடாதே."

டீச்சர் மேசைத்துணியின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே இருந்தார்.

"தேதி என்ன போட்டிருக்குதுங்க?"

"பதினெட்டு நாள் ஆச்சுங்க."

"இன்னும் பன்னண்டு நாள் கழிச்சு உங்களக் கூப்புட்டிருந்தா?"

"இதும் போயிருக்குமுங்க."

அவர் அழவில்லை. பதிலை அவரே தட்டினார், ஒரு விரலால், திரையோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு. சரியாக இருக்கிறதா என்று என்னையே படித்துப் பார்க்கச் சொன்னார். உன் மெயில் எதுவும் எனக்கு வரவில்லை கண்ணு, கம்ப்யூட்டரில் தானாக அடைத்துக்கொண்டதாம், சரிசெய்ய வந்த தம்பியே சொல்கிறார், உன் அப்பா ஒன்றும் பண்ணவில்லை என்று எழுதியிருந்தார். நான் சொன்ன பொய் அந்தக் குடும்பத்துக்கு அத்தாட்சிப் பத்திரம் ஆகிவிட்டது. அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "அனுப்பிருங்க டீச்சர்" என்றேன்.

வாசலில் வீட்டுக்காரர் ஒரு பையோடு நின்றிருந்தார். எலுமிச்சம்பழம்தான்.

"நல்லதா ஒரு வார்த்தை சொன்னீங்க தம்பி" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வாங்கிக்கொண்டேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கும் தெரியவில்லை, கேட்கிற பெட்டிக்கெல்லாம் சரி என்று அமுக்குகிற டீச்சரைக் கேலி வேறு செய்கிறேன். வீட்டுக்கு வந்து பையை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுச் சாப்பிட்டேன், தூங்கினேன். தூக்கம் நன்றாகவே வந்தது. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் டீச்சர் போன் செய்தார். நான் வேறொரு வீட்டில் பிரின்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

"பதில் வந்துருச்சுங்க தம்பி."

"நல்லதுங்க."

"அவளும் கம்ப்யூட்டர் வேலைதானுங்க பாக்கறா. ஃபில்டர் தானா விழாதாமுங்க, ஆராச்சும் போட்டாத்தான் உண்டாம். 'அப்பாவுக்கு கம்ப்யூட்டர் தொறக்கவே தெரியாது. அப்ப நீயே போட்டியாம்மா?'ன்னு கேட்டிருக்கா. தம்பி, நான் போடலீங்கல்ல? எனக்கே தெரியாம எதையாச்சும் அமுக்கிப்போட்டனுங்களா? எது கேட்டாலும் சரின்னு அமுக்கறவதானுங்க நான்."

மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் நெஞ்சில் ஏதோ உறைத்தது. தன் மகளின் கடிதத்தைத் தானே குப்பையில் போட்டிருப்போமோ என்று ஒரு தாய் விரல்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், நான் பதமாகப் பேசிய ஒரு பேச்சினால்.

"நீங்க இல்லீங்க டீச்சர். நான் போட்டது."

யார் சொல்லிப் போட்டேன் என்று அவர் கேட்கவில்லை. மிக்சி ஓடும் சத்தம் போனில் கேட்டது, நின்றது.

"சரிங்க" என்றார். "நீங்கதான் போட்டதுன்னு அவளுக்கு ஒரு வரி எழுதிப்போடுங்க தம்பி. ஆரு சொன்னாங்கன்னு எழுத வேண்டாமுங்க. அத நான் ஊட்டுல பேசிக்கறேன்."

"மன்னிச்சுக்குங்க" என்றேன்.

"மாசம் ஒண்ணு எழுதியிருக்கா தம்பி. ஒவ்வொண்ணுக்கும் பதில் போட்டிருப்பேனுங்க."

திட்டியிருந்தால் தேவலை. போனை வைக்கும்போது வழக்கம்போல, "வெச்சுரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வைத்தார்.

அன்று சாயங்காலமே மகளுக்கு எழுதினேன். உங்கள் மெயில் ஒன்று திரையில் நிற்கும்போதே அந்த ஃபில்டரைப் போட்டது நான், உங்கள் அம்மா அல்ல, அவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது, கேட்டபோது தானாக ஆனது என்று நான் பொய் சொன்னேன். நாலு வரிதான். அதற்கு இரண்டு மணி நேரம் பிடித்தது.

அடுத்த வாரம் டீச்சர் கூப்பிட்டார். மகள் நம்பர் அனுப்பியிருக்கிறாளாம், தினமும் பேசிக்கொள்கிறார்களாம். "சத்தியமெல்லாம் ரெண்டு வருசத்தோட தீந்துபோச்சுன்னு அவியகிட்டச் சொல்லிப்போட்டேனுங்க" என்றார். வீட்டுக்காரர் சாப்பிடுவதற்கு மட்டும்தான் உள்ளே வருகிறாராம், மற்ற நேரமெல்லாம் எலுமிச்சை மரத்தடியில்தானாம். எனக்கு ஃப்ரிட்ஜில் இருந்த பை ஞாபகம் வந்தது. திறந்து பார்த்தேன், பழங்கள் தோல் தடித்துச் சுண்டிப் போயிருந்தன. கொட்டிவிட்டேன்.

இப்போதும் தினம் இரண்டு மூன்று வீடுகளுக்குப் போகிறேன். "நீங்கதானுங்க அமுக்கியிருக்கீங்க, பரவால்லீங்க" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். சில வீடுகளில் காபி வருவதில்லை.

மகளிடமிருந்து எனக்கும் ஒரு பதில் வந்திருக்கிறது. ஒரே கேள்வி. என் மெயில் திரையில் இருக்கும்போதுதானே ஃபில்டர் போட்டீர்கள், படித்துப் பார்த்துவிட்டுப் போட்டீர்களா, படிக்காமலே போட்டீர்களா?

படிக்கவில்லை என்று எழுதலாம், அது உண்மை. படித்திருந்தால் போட்டிருக்கமாட்டேன் என்று சேர்த்து எழுதத்தான் கை வரவில்லை. அன்றைக்கு நான் இருந்த இருப்பில் போட்டிருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியவில்லை. அந்த மெயில் மூன்று வாரமாக இன்பாக்ஸில் இருக்கிறது. டீச்சராக இருந்தால் வந்த அன்றைக்கே பதில் போட்டிருப்பார்.