பெரிய கல்லறையும் ஒரே மாலையும்

கல்லறைத் தோட்டத்தின் இரும்புக் கதவில் தொங்கும் பலகையில் ஏழாவது விதி இப்படிச் சொல்கிறது: மலர் வைக்க யாருடைய அனுமதியும் வேண்டாம், கல்லைத் தொடவோ, துடைக்கவோ, படியெடுக்கவோ நிர்வாகத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும், விண்ணப்பத்துக்குப் பதினைந்து நாளில் பதில் தரப்படும். தாலுகா அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்பு நகர்த்தியவன் சொல்கிறேன், நன்றாக எழுதப்பட்ட விதி. காற்புள்ளிகூட அதனதன் இடத்தில் இருக்கிறது. பின்பற்ற ஆள் இல்லாததுதான் குறை.

காஞ்சிபுரத்தில் எங்களுக்கு ஒரு வரலாற்று மன்றம் உண்டு. ஓய்வு பெற்றவர்கள், பட்டுக்கடைக்காரர்கள், பகலில் வீட்டில் இருக்க வேண்டாம் என்று மனைவியால் கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள் இதில் உறுப்பினர்கள். முதல் வகையிலும் கடைசி வகையிலும் நான் வருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கூரம், திருமுக்கூடல் என்று போய்க் கல்வெட்டு படிப்போம். தலைவர் பட்டுக்கடைக்காரர். பல்லவர் காலத்து எழுத்தைக் காலைப் பேப்பர்போலப் படித்துக்கொண்டே போவார்.

அந்த ஊர்களுக்கெல்லாம் எங்களுக்கு வெகுகாலம் முன்பே நடந்து போய், கல்வெட்டுகளைப் படியெடுத்து, இந்த வட்டாரத்தின் வரலாற்றை முதன்முதலில் எழுதியவர் ஒரு மிஷன் பள்ளி ஆசிரியர். அவர் புத்தகத்தில் நாங்கள் சுடாத பக்கம் இல்லை. அவர் இந்த ஊரிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார் என்பது மட்டும் அவருடைய கொள்ளுப்பேத்தி வந்து சொல்லித்தான் தெரிந்தது.

அந்த அம்மாள் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் சிஸ்டர். எங்களில் பாதிப் பேருக்கு ஊசி போட்டவர் என்பதால் மரியாதையில் கொஞ்சம் பயமும் உண்டு. வீட்டை விற்றுவிட்டு ஓசூரில் மகளோடு இருக்கப் போகிறார். போவதற்குமுன் ஒன்றே ஒன்று கேட்டார்.

“சின்ன வயசுல அப்பாகூட வந்தது. எந்தக் கல்லுன்னு இப்போ ஞாபகம் இல்லை. நான் கிளம்பறதுக்குள்ள ஒரு தடவை, அவர் பேரைக் கல்லைப் பார்த்து சத்தமா படிக்கணும்பா. அவ்ளோதான்.”

எந்தக் கல் என்பதில் தலைவருக்குச் சந்தேகமே இல்லை. வடக்குச் சுவரை ஒட்டி ஆள் உயரத்துக்கு ஒன்று நிற்கிறது. எழுத்து மழையில் கரைந்து மங்கிவிட்டது. ஆனால் கோபுரம் பார்த்து வளர்ந்த ஊர் இது. பெரிய மனிதர் என்றால் உயரமாகத்தான் இருப்பார் என்று எல்லாரும் ஒப்புக்கொண்டோம். அந்தப் பெரிய கல்லறையைத் துடைத்து, மசி தடவி எழுத்தைத் தாளில் ஒற்றும் மசிப்படி எடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பம் அனுப்பினேன்.

பதினைந்து நாள் கழிந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். பிறகு நினைவூட்டலுக்கு நினைவூட்டல். நேரில் போனால் கவனிப்பவர் விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வந்தபோது கோப்பு விடுப்பில் போயிருந்தது.

“சார், நீங்க பாவு போட்டுக்கினே இருந்தா தறியில எப்போ உக்காருறது?” என்றார் தலைவர். “சிஸ்டர் சாமான் கட்டிக்கினு இருக்காங்க. போய் ஈரத்துணியில ஒரு தொடை தொடைச்சிட்டு வந்துடலாம்.”

“அனுமதி இல்லாம கல்லைத் தொடக் கூடாது. பூ வேணா வைக்கலாம்.”

“அப்போ பூவே வெப்போம், வாங்க.”

பங்குனி மாதத்து ஞாயிறு. செவ்வாய்க்கிழமை சிஸ்டர் கிளம்புகிறார். தலைவர் ஈரச் சாக்கில் சுற்றிய ஆளுயர மாலையோடும் பட்டுச் சால்வையோடும் வந்தார். சால்வையைத் தடுத்தேன்.

“சால்வை மலர்ல சேராது.”

“நல்லா பாருங்க சார், உடம்பெல்லாம் பூ போட்டிருக்குது.”

“ஜரிகைப் பூ விதியில வராது.”

மாலையை மட்டும் சாத்திவிட்டுத் தலைவர் பேச ஆரம்பித்தார். இவர் கால் படாத ஊர் இல்லை, திருப்புட்குழியில் இவர் தட்டாத கதவு இல்லை, இவர் வருகிறார் என்றாலே ஊரில் பரபரப்புதான் என்று பேச்சு நீண்டது. அதற்குள் மாலையிலிருந்து வடிந்த தண்ணீர் கல்லை நனைத்து, வெயிலில் காயவும் தொடங்கியது. மேல்பரப்பு வெளுத்தது. வெட்டிய எழுத்துக்குள் மட்டும் ஈரம் கறுப்பாக நின்றது. எழுத்தைக் கண்டால் படிக்காமல் இருக்கத் தெரியாதவர் தலைவர். பேச்சின் நடுவிலேயே படித்தார்.

“ஜில்லா... கலால்... அதிகாரி.” எங்கள் பக்கம் திரும்பினார். “சாராய வரி வசூல் பண்ணவருப்பா!”

“பேச்சுல ஒண்ணும் தப்பில்ல தலைவரே,” என்றார் உறுப்பினர் ஒருவர். “இவரும் கதவைத் தட்டியிருப்பாரு. ஊருதான் கொல்லைப்பக்கமா ஓடியிருக்கும்.”

எல்லாரும் சிரித்தோம். சிஸ்டர் சிரிக்கவில்லை. குட்டைக் கற்களாக நின்ற வரிசைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேப்பமரத்துப் பக்கம் மெல்ல நடந்து, முழங்கால் உயரக் கல் ஒன்றின் முன் நின்றார்.

“அப்பா குந்திதான் தொட்டாரு. நின்னுக்கினு தொடலை. இதுவாத்தான் இருக்கணும்.”

அதில் பாசிக்கறை தவிர எதுவும் தெரியவில்லை. கையில் வேறு மாலையும் இல்லை.

“அங்கே சாத்தினதை எடுத்து இங்கே போடறதா? நிர்மால்யமாச்சே,” என்றார் அதே உறுப்பினர். கோயில் ஊரில் இந்தக் கேள்வி வந்தால் லேசில் போகாது. விவாதம் நடந்தது. கடைசியில் தலைவர் தீர்த்து வைத்தார்.

“பெருமாள் மாலையைக் கழட்டி நம்ம கழுத்துல போட்டா என்ன சொல்றோம்? மரியாதைன்னுதானே? அதிகாரி வாத்தியாருக்கு மரியாதை பண்றாருன்னு வெச்சுக்கப்பா.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். விதி வைப்பதைப் பற்றித்தான் பேசுகிறது, எடுப்பதைப் பற்றி மௌனம் என்றேன். மாலை இடம் மாறியது. ஆனால் விவாதத்தில் அது காய்ந்துபோயிருந்தது. சொட்டுத் தண்ணீர் வடியவில்லை.

சிஸ்டர் என் பக்கம் திரும்பினார். “சார், உங்க விதி இப்போ என்ன சொல்லுது?”

பையிலிருந்து குடிதண்ணீர் பாட்டிலை எடுத்தேன். “வெச்ச பூவுக்குத் தண்ணி தெளிக்கக் கூடாதுன்னு எங்கேயும் எழுதலை.” முழுதாகக் கவிழ்த்தேன்.

“தெளிக்கறதா இது?” என்றார் தலைவர்.

“ரொம்ப வாடியிருக்குது,” என்றேன்.

காத்திருந்தோம். கல் வெளுக்க வெளுக்க ஒவ்வோர் எழுத்தாக எழுந்தது. தலைவர் வாயைத் திறந்தார். எதையோ நினைத்துக்கொண்டு மூடிக்கொண்டார். சிஸ்டர் முழங்காலைப் பிடித்தபடி குனிந்து, எழுத்துக்கூட்டி, தோட்டம் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பெயரைப் படித்தார். எழுத்துகள் காய்ந்து மறைந்ததும் என்னைப் பார்த்தார்.

“இன்னொரு பாட்டில் இருக்குதா சார்?”

இருந்தது.

செவ்வாய்க்கிழமை அவர் ஓசூருக்குப் போய்விட்டார். நிர்வாகத்தின் பதில் பிறகு வந்தது. தாங்கள் கோரியபடி, வடக்குச் சுவரை ஒட்டிய பெரிய கல்லறையைத் துடைத்து மசிப்படி எடுக்க முழு அனுமதி அளிக்கப்படுகிறது என்று இருந்தது. கூட்டத்தில் நசுங்கிப் பாதிச் சட்டையோடு தபால்காரர் அதைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கிய நாள், பெருமாளைப் பார்க்க ஊரே தெருவில் நிற்கும் வைகாசி கருட சேவை.