முகத்துவாரத்தில் கிடைத்த கூஜா

எண்ணூர் முகத்துவாரத்தில் மீனவர் எல்லப்பன் பாயை இறக்கி என் பக்கத்தில் படகை நிறுத்துகிறார். துறைமுகத்தில் ஒரு மாலுமியிடம் வாங்கிய முக்குளிக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தண்ணீரில் முகம் புதைத்து மிதக்கிறேன். தலையைத் தூக்கியதும் அவர் கேட்கிறார்.

"இன்னா நைனா தொலைச்சிட்ட?"

"எதுவும் தொலைக்கலே. மீன் பார்க்கிறேன்."

"மீனைப் பாக்க யாருனா முளுகுவாங்களா? கூச்சப்படாத, சொல்லு."

அவர் குரல் கொடுத்ததும் பக்கத்துப் படகுகளிலிருந்து ஐந்து பேர் குதிக்கிறார்கள். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் தேடுகிறார்கள். கடைசியில் ஒருவர் சேறு வழியும் பித்தளைக் கூஜாவோடு மேலே வருகிறார்.

"கெட்ச்சிருச்சி!"

எல்லார் முகத்திலும் அத்தனை சந்தோஷம். இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"ஆமாம், இதுதான்" என்று வாங்கிக்கொண்டு எல்லப்பன் படகில் ஏறுகிறேன்.

எல்லப்பன் கூஜாவைத் திருப்பிப் பார்க்கிறார்.

"டேய், மூடிய காணோம்டா!"

ஐந்து பேரும் மறுபடி குதிக்கிறார்கள். இந்தத் தடவை நானும் குதிக்கிறேன்.