என் கதிரையில் இருந்தவன்

போன வருடம், கச்சான் காற்று வாவியைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்த நாட்களில்தான், கத்தார் வேலையை ஒரேயடியாக முடித்துக்கொண்டு எங்கள் ஊர் தன்னாமுனைக்கு வந்து சேர்ந்தேன். நான் விமானம் ஏறியபோது கைக்குழந்தையாக இருந்த மகளுக்கு, திரும்பி வந்தபோது நான்கு வயது. ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று விமானத்திலேயே கையை அகல விரித்துப் பழகிக்கொண்டு வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் முறைத்ததுதான் மிச்சம். மகளோ தாயின் சட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நான் நீட்டிய பொம்மைக்கு மட்டும் ஒரு கையை வெளியே விட்டாள்.

மறுநாள் காலை, தேநீரோடு கூடத்துக் கதிரையில் அமர்ந்தேன். வீலென்று ஓர் அலறல்.

“எழும்புங்க! மாறனுக்கு மேல இருந்திட்டீங்க!”

துள்ளி எழுந்ததில் பாதித் தேநீரை நான் உடுத்திருந்த சாரம் குடித்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் கதிரை. குசினி அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது: “அது அவட கூட்டாளி. நம்மட கண்ணுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேட்டிட்டு வேற கதிரையில இருங்க.”

கேட்டேன். பிளாஸ்ரிக் கதிரையிடம் கைகூப்பி மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு இரண்டாம் இடம். பிட்டில் முதல் கவளம் மாறனுக்கு. நான் கொண்டுவந்த சொக்கிலேற்றில் பாதி மாறனுக்கு. பாயில் அவளுக்குப் பக்கத்து இடமும் அவனுக்கே, எனக்குச் சுவரோரம். கண்ணுக்குத் தெரியாத ஒருவன்மேல் பொறாமைப்படுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? முறைக்கலாம் என்றாலும் எந்தப் பக்கம் முறைப்பது?

சிரித்துச் சமாளித்தாலும் உள்ளுக்குள் பயம் இருந்தது. பின்னேரங்களில் வேலியோரம் நின்று வாவியைப் பார்த்தபடி அவனோடு ஏதோ குசுகுசுப்பாள். பேயோ நோயோ, நான் பக்கத்தில் இல்லாத காலத்தில் பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன்.

பக்கத்து வீட்டுக் கூட்டாளியிடம் சொன்னபோது அவன் எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றினான்.

“மச்சான், உன்ட பகிடியெல்லாம் இதில வேணாம். வாவிக்கரை வீடு. கோயிலுக்குப் போய் ஒரு நூல் வாங்கிக் கட்டு.”

கத்தாரில் பல மாடி உயரத்தில் சாரத்தட்டில் நின்று வேலை செய்த வீரன், கோயிலுக்கு ஓடினேன். நூலை மகளின் கையில் கட்டி முடித்ததும் அவள் கேட்டாள், “மாறனுக்கு?”

பேயை விரட்ட வாங்கிய நூலில் மிச்சத்தைப் பேய்க்கே கட்டினேன். “இறுக்காதீங்க, அவனுக்கு நோகும்” என்று மேற்பார்வை வேறு.

கடைசியில் மனைவிதான் என்னையும் மகளையும் இழுத்துக்கொண்டு டவுனுக்கு, ஒரு குழந்தை வைத்தியரிடம் போனாள். மகளோடு கொஞ்சநேரம் கதைத்துவிட்டு அந்த வைத்தியர் அம்மா சிரித்தார்.

“பயப்பட ஒண்டுமில்ல. பிள்ளை நல்லா இருக்கா. இந்த வயசில நிறையப் பிள்ளைகளுக்கு இப்பிடி ஒரு கூட்டாளி இருக்கும். அவனைத் துரத்தவும் வேணாம், நக்கலடிக்கவும் வேணாம். ஆர் அவன் எண்டு பிள்ளையிட்டயே கேட்டுப் பாருங்களன்.”

நக்கலடிக்காமல் இருக்கச் சொல்வது என்னை மூச்சுவிடாமல் இருக்கச் சொல்வது மாதிரி. இருந்தாலும் அன்று பின்னேரமே மகளுக்கு எதிரே தரையில் அமர்ந்தேன். அவள் விளையாட்டுக் கோப்பையில் தந்த காற்றைக் குடித்துவிட்டு, பக்கத்து வெறும் இடத்தைப் பார்த்து மரியாதையாகக் கேட்டேன்.

“மாறன் தம்பி எங்கயிருந்து வந்திருக்கார்?”

எந்நேரமும் விரலை வாயில் வைத்துக்கொண்டே பேசுகிறவள், அப்போதுதான் விரலை வெளியே எடுத்தாள்.

“மாறன் இல்ல. வாறன்!”

“வாறனா? அது ஆரு மனே?”

“போனுக்குள்ள அப்பா சொல்லுவார்தானே, ‘மகள், வாறன், வாறன்’ எண்டு. அப்பா வரல்ல. வாறன்தான் வந்தான்.”

அவன் எப்படி இருப்பான் என்று கேட்டேன்.

“தலையில முடி இல்ல. மஞ்சள் தொப்பி போடுவான். பெரிய சத்தமாச் சிரிப்பான்.”

என் கை தானாக என் மொட்டைத் தலைக்குப் போனது. மஞ்சள் தொப்பி, வேலைத்தளத்தில் நான் போட்டிருந்த தலைக்கவசம். சாப்பாட்டு நேரத்தில் பல நாள் அதைக் கழற்றக்கூட நேரமில்லாமல்தான் வீட்டுக்கு வீடியோ அழைப்பு எடுப்பேன். குசினி வாசலில் நின்ற மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெங்காயமாம்.

பேயுமில்லை, நோயுமில்லை. எத்தனையோ நாளாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது. இவ்வளவு காலமும் நான் பொறாமைப்பட்டது என்மேல். கோயில் நூல் கட்டி விரட்டப் பார்த்ததும் என்னைத்தான். இப்படி ஒரு முட்டாள்தனம் செய்துவிட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டவன் யாரும் இருக்க மாட்டான். சிரித்தேன். மகள் என் வாயையே உற்றுப் பார்த்தாள். அந்தச் சத்தம் அவளுக்குத் தெரிந்த சத்தம்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்ட வந்தாள். பிட்டின் முதல் கவளம் எனக்கு மாறியது. ஒருநாள் வழக்கம்போல அந்தக் கதிரையைச் சுற்றிக்கொண்டு நான் அடுத்ததில் இருக்கப் போனபோது, அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள்.

“அதிலயே இருங்கப்பா. அவன் இல்ல.”

“எங்க போயிட்டான்?”

“கத்தாருக்கு.”

இப்போதும் கடைக்குப் புறப்படும்போது “போயிட்டு வாறன்” என்று சொன்னால் என் கண் ஒரு கணம் அந்தக் கதிரைக்குப் போய்த் திரும்பும். பஸ்ஸில் கைலேஞ்சி போட்டு இடம்பிடித்து வைப்பவனைப் போல, நான் வந்து சேரும்வரை என் பிள்ளையின் பக்கத்தில் எனக்கு இடம்பிடித்து வைத்திருந்தவன் அவனல்லவா!