சுஜந்தனின் ஊர்ப் பரீட்சை

எங்கள் அலுவலகத்துச் சுஜந்தனைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எனக்குக் கை துருதுருத்துக்கொண்டிருந்தது. நல்லதாக ஏதாவது எழுதுவேன் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

நவரட்ணராஜா சுஜந்தன், வயது நாற்பத்தொன்று. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர். கணக்காய்வு உத்தியோகத்தராகக் கண்டிக்கு மாற்றலாகி வந்து, வருஷக் கணக்காக அம்பிட்டியவில் ஒரு வீட்டின் மேல்மாடியில் தனியாகக் குடியிருக்கிறார். பிழை பிடிப்பது அவருடைய தொழில். தொழிலை அலுவலகத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள். இவர் இறால் வடை வாங்கினாலும் இறாலைப் பிய்த்து எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

நான் இந்த அலுவலகத்துக்கு வந்த முதல் நாளே என்னையும் திருப்பிப் பார்த்தார்.

"றஞ்சனா, நீங்கள் எந்த ஊர்?"

"கண்டி."

"அதில்லை. சொந்த ஊர்?"

"கண்டிதான்."

"கண்டி எப்பிடிச் சொந்த ஊராகும்? அப்பா அம்மா எந்த ஊர்? எந்தக் கோயிலடி? ஆற்ற பகுதி, ஆற்ற சொந்தம்?"

தெரியாது என்றேன். உண்மையிலேயே எனக்குத் தெரியாது. எனக்கு நாலு வயதாக இருக்கும்போது அம்மா என்னை இடுப்பிலும் தங்கை நிவேதிகாவை வயிற்றிலும் சுமந்துகொண்டு, கண்டியில் கிளாக்காக இருந்த மாமாவிடம் வந்து சேர்ந்தா. அப்பா வரவில்லை. சண்டையில் செத்துப்போனார் என்பதோடு அம்மா கதையை முடித்துவிடுவா. ஊரின் பெயரைக் கேட்டால் எழும்பி அடுப்படிக்குள் போய்விடுவா. கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் நாங்கள் இரண்டு பேரும் கேட்பதையே விட்டுவிட்டோம். இதையெல்லாம் சுஜந்தனுக்கு விளக்கிக்கொண்டிருக்க எனக்கென்ன விசரா? அன்றைக்கு என்னை அரை ஆளாகக் கணக்கெடுத்தவர், பிறகு என் குடும்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை. அதுவும் நல்லதுக்குத்தான்.

அவருடைய தாய் பத்மாதேவி யாழ்ப்பாணத்திலிருந்து நாள் தவறாமல் போன் எடுத்துப் பெண் பார்த்தாயிற்றா என்று அழுவா. தரகர்மார் சாதகத்தோடு வந்து வந்து களைத்துப்போனார்கள். ஒருத்தி சத்தமாகச் சிரிக்கிறாளாம். ஒருத்தியின் மாமன் குடிகாரனாம். இன்னொருத்தி இவரைவிடக் கூடப் படித்துவிட்டாளாம். இப்படியே போய்த் தலை வழுக்கை விழத் தொடங்கிய பிறகுதான் ஐயா 'இருமனம்' என்ற செயலியில் சேர்ந்தார். போனிலேயே துணை தேடலாம், தரகருக்குத் தேத்தண்ணி ஊற்றத் தேவையில்லை.

அதே செயலியில் என் தங்கையும் இருந்தாள். அவளுக்கு முப்பத்திமூன்று வயது, டவுனில் ஒரு பார்மசியில் வேலை. ஒரு பின்னேரம் போனைக் கொண்டுவந்து நீட்டி, "அக்கா, இவரோட கொஞ்ச நாளாக் கதைக்கிறன், நல்ல மனுசன் போல இருக்கு" என்றாள். படத்தில் எங்கள் சுஜந்தனைப் பார்த்ததும் எனக்குத் தேத்தண்ணி புரையேறிவிட்டது.

"கடவுளே! உலகத்தில வேற ஆம்பிளையே கிடைக்கேல்லையாடி உனக்கு?"

எங்கள் அலுவலகத்து ஆள் என்று சொல்லியும் கேளாமல், அவர் எழுதியவற்றைக் காட்டினாள். அம்பிட்டியவில் கொடியில் காயப்போட்ட சேர்ட்டைக் குரங்கு கொண்டுபோய்விட்டதாம், அந்தக் குரங்கே அதைப் போட்டுக்கொண்டு தனக்குப் பதிலாக வேலைக்கும் போய்விட்டால் நல்லதாம். போயா விடுமுறை நாளில் தனியாகச் சொதி வைத்தாராம், பால் திரைந்துபோய்விட்டதாம். எழுதிக்கொண்டிருக்கும்போதே "கொஞ்சம் பொறுங்கோ சோறு அடிப்பிடிக்குது" என்று ஓடிவிடுவாராம், கால்மணி கழித்து வந்து "பிடிச்சிட்டுது" என்பாராம். என் தங்கைக்கு அந்த அடிப்பிடித்த சோறு பிடித்துப்போய்விட்டது. என்ன செய்ய! "நீ என்ர அக்கா எண்டு அவருக்குச் சொல்லிப்போடாத. அவராத் தெரிஞ்சுகொள்ளட்டும்" என்று என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். நானும் கொடுத்துத் தொலைத்தேன்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுஜந்தனுக்குப் பேய் பிடித்தது. செயலிகளில் பெண்கள் என்ற பெயரில் செயற்கை நுண்ணறிவு வந்து கதைக்கிறது, ஆண்பிள்ளைகள் ஏமாறுகிறார்கள் என்று யாரோ ஒருவருடைய வீடியோவைப் பார்த்திருக்கிறார். அடுத்த நாள் பகல் சாப்பாட்டு நேரத்தில் எங்களுக்கு வகுப்பு நடந்தது. என் மேசைக்கு எதிர் மேசை நிஸாம், அக்குறணைக்காரர், வாயில் சோற்றோடு கேட்டுக்கொண்டிருந்தார்.

"மெஷினைக் கண்டுபிடிக்கிறது எனக்கொரு வேலையே இல்லை" என்றார் சுஜந்தன். "இருபது வருசமாக் கள்ள வவுச்சர் பிடிக்கிறவன் நான். மெஷினுக்கு எல்லாம் தெரியும். ஆனா அதுக்கு ஊர் இல்லை. ஊரைக் கேட்டா முழிக்கும்."

பெரிய கண்டுபிடிப்பு! ஊர் எது, கோயில் எது, தேர் எந்த மாதம், வீடு எந்தத் தெரு எந்த ஒழுங்கை, ஆருடைய பகுதி. இவ்வளவுக்கும் பதில் சொன்னால் மனுசி, சொல்லாவிட்டால் மெஷின். இந்தப் பரீட்சையை அன்றைக்கே என் தங்கைக்கு வைத்தார். அவள் உள்ளதைச் சொன்னாள்: "எனக்கு ஊர் தெரியாது. அம்மா சொல்ல மாட்டா."

அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் அதை வாசித்துக் காட்டிச் சிரித்தார்.

"பார்த்தீங்களா? ஊர் தெரியாத தமிழ்ப் பிள்ளை உலகத்தில இருக்குமா? படத்தைப் பாருங்கோ, பல்லெல்லாம் ஒரே வரிசை. மனுசருக்கு இப்பிடிப் பல் வராது."

வராதுதான். கம்பி போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று அவள் அழுத அழுகை எனக்கல்லவா தெரியும்! ஊர் தெரியாத இன்னொருத்தி எதிரிலேயே இருப்பது அவருக்கு மறந்துபோயிருந்தது. பாணைப் பிய்த்து வாயில் அடைத்துக்கொண்டேன். சத்தியம் என்று ஒன்று கொடுத்திருக்கக் கூடாது.

இதற்கிடையில் ஆரணி என்று இன்னொருத்தி வந்தாள். ஊர் கேட்ட அடுத்த கணமே சுழிபுரம் என்றாள். கோயில் சொன்னாள், தேர் சொன்னாள், ஒழுங்கை சொன்னாள், சந்தையில் என்ன மீன் வரும் என்றுகூடச் சொன்னாள். உங்கள் அம்மாவிடம் சமைக்கப் பழக வேண்டும் என்றாள். சுஜந்தனுக்குத் தலைகால் புரியவில்லை. புதுச் சேர்ட் என்ன, வாசனை என்ன!

"ஒரு நாளாலும் போன்ல பேசினாவா?" என்று நிஸாம் கேட்டார்.

"நல்ல குடும்பத்துப் பிள்ளை, நிஸாம். முன்பின் தெரியாத ஆம்பிளைக்குக் குரல் குடுக்க மாட்டா."

"வீடியோவிலயும் முகம் காட்டல்லயா?"

"வெட்கம். அதுதான் ஊர்ப் பிள்ளை எண்டுறது."

நிஸாம் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். குரலில்லை, முகமில்லை, நேரில் வருவதுமில்லை. அதெல்லாம் இந்த மனுசனுக்கு அடக்கம். என் தங்கை முதல் வாரமே போனில் கதைக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். அது இவருக்கு அடக்கமில்லாத மெஷின்.

இதை வீட்டில் சொன்னேன். சொன்னால் வெறுத்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் அவர் பக்கம் கதைத்தாள்.

"மனுசன் பயந்துபோய் இருக்கிறார் அக்கா. ஏமாந்திடுவன் எண்ட பயம். ஊர் ஒண்டுதானே கேக்கிறார்? அம்மாட்டக் கேப்பம்."

"உனக்கென்ன மூளை பிசகிட்டுதா? முப்பது வருசமாச் சொல்லாத மனுசி, உவருக்காகச் சொல்லப் போறாவா?"

ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், அம்மா முருங்கை இலை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நிவேதிகா பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து கேட்டேவிட்டாள். தான் ஒருவரை விரும்புவதாகவும், அவர் ஊர் எது என்று கேட்கிறார் என்றும் சொன்னாள். நான் அம்மா எழும்பிப் போவா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மா எழும்பவில்லை. இலையைச் சுளகில் வைத்துவிட்டு, "கலியாணம் செய்யப் போற பொடியன் கேக்கத்தானே வேணும்" என்றா.

பிறகு சொன்னா. ஊரின் பெயரைச் சொன்னா. அதை நான் இங்கே எழுதமாட்டேன். கோயிலுக்குப் பின்பக்கத்து ஒழுங்கை, கிடுகு வேலி, மூலையில் பூவரசு. ஷெல் விழத் தொடங்கியதும் ஊரே பள்ளிக்கூடத்துக்கு ஓடியதாம். ஓடி வந்து சேர்ந்த பிறகு அப்பாவுக்குக் கொட்டிலில் கட்டியிருந்த பசுக்கண்டு நினைவு வந்ததாம். "பாவம், அவிட்டு விட்டிட்டு ஓடியாறன்" என்று திரும்பிப் போனவராம். அம்மா என்னைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறா. கொஞ்ச நேரத்தில் கண்டு மட்டும் கயிறை இழுத்துக்கொண்டு ஒழுங்கையால் ஓடி வந்ததாம்.

அதற்கு மேல் அம்மா சொல்லவில்லை. மூன்று பேரும் இருந்து அழுதோம். என் அப்பா கண்டுக்குட்டியை நினைத்துத் திரும்பிப் போனவர் என்பது எனக்கு முப்பத்தேழு வயதில் தெரிய வந்தது.

நிவேதிகா அதை அப்படியே சுஜந்தனுக்கு எழுதினாள். கடைசியில், "இவ்வளவுதான் எனக்குத் தெரியும், அம்மா இன்றைக்குத்தான் சொன்னா" என்று எழுதியிருந்தாள்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரம். சுஜந்தன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"கேளுங்கோ, கேளுங்கோ. அந்த ஊரில்லாத மெஷின் திருந்திட்டுது! ரெண்டு கிழமைக்கு முன்னம் ஊரே தெரியாது எண்டது, இப்ப ஒழுங்கை, பூவரசு எல்லாம் வருது. ஆரோ சொல்லிக் குடுத்திருக்கிறாங்கள்."

வாசித்தார். குரலை இழுத்து, மூக்கால் அழுது, என் அப்பா செத்த கதையை வாசித்தார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நிஸாம் சிரிக்கவில்லை.

"கண்டுக்குட்டியாம்! மெஷினிட்டச் சோகமா எழுதச் சொன்னா கண்டுக்குட்டிதான் வரும். வேற என்ன வரும்? சினிமா!"

"அது என்ர அப்பா" என்றேன்.

"எது?"

"கண்டை அவிட்டு விடப் போனவர். என்ர அப்பா. எழுதினது என்ர தங்கச்சி."

சிரித்தவர்கள் தங்கள் தங்கள் சாப்பாட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். சுஜந்தன் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார்.

"அப்ப, இது ஆள்தானா?" என்றார்.

அதுதான் அவருடைய கவலை! செத்தவரைப் பற்றி ஒரு சொல் இல்லை. தன்னுடைய கண்டுபிடிப்புப் பிழையாகிவிட்டதே என்ற கவலை. அதற்குப் பிறகு என் வாயில் வந்ததை எழுத முடியாது. நிஸாம் எழும்பிப் போய்க் கதவைச் சாத்தினார் என்பதோடு விடுகிறேன்.

அன்று பின்னேரமே நிவேதிகாவுக்கு மன்னிப்பு வந்தது. நீளமான மன்னிப்பு. 'உங்கள் உணர்வுகளை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன். உங்கள் தந்தையின் இழப்பு ஈடுசெய்ய முடியாதது. உங்கள் நேர்மையை ஆழமாக மதிக்கிறேன்.' ஒன்றின் பின் ஒன்றாக, வழுக்கிக்கொண்டு போனது.

நிவேதிகா முதல் வரியைப் பார்த்ததும் போனை என்னிடம் தந்தாள்.

"இது அவர் எழுதினதில்லை அக்கா."

"எப்பிடித் தெரியும்?"

"அவர் இப்பிடிக் கதைக்கிறவரில்லை. அவருக்கு இவ்வளவு நேரம் சோறு அடிப்பிடிக்காமல் இருக்காது. மெஷினிட்டக் கேட்டு வாங்கி அனுப்பியிருக்கிறார்."

சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணிவிட்டது. எங்கள் அப்பாவைப் பற்றி ஒரு வரி சொந்தமாக எழுத அந்த மனுசனுக்கு வக்கில்லை. பிழையோடு எழுதியிருந்தாலும், 'ஐயோ' என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தாலும், இந்தப் பைத்தியக்காரி மன்னித்திருப்பாள். நான் வேண்டாமென்று அவள் கையை முறித்தாலும் மன்னித்திருப்பாள். செயலியை அழித்துவிட்டாள்.

சுஜந்தன் இன்னும் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார். என்னைக் கண்டால் கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வார். சுழிபுரத்து ஆரணி இன்றைக்கும் அவருக்குக் காலை வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இன்னும் வெட்கம் தெளியவில்லை. நன்றாக இருக்கட்டும்.

அம்மாவுக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அம்மாவாகவே கேட்டா. கேட்கும்போது எங்களைப் பார்க்கவில்லை. அடுப்பில் கறியைத் துழாவிக்கொண்டிருந்தா.

"அந்தத் தம்பிக்கு அப்பான்ர கதையைச் சொன்னனியே, பிள்ளை?"

"ஓம் அம்மா."

"என்ன சொன்னவர்?"

நிவேதிகா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்க முதல் அவளே சொன்னாள்.

"அழுதிட்டார் அம்மா."

அம்மா அகப்பையைச் சட்டி விளிம்பில் வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தா. "நல்ல பொடியன்" என்றா. "ஒரு நாளைக்குச் சாப்பிட வரச் சொல்லு."