வெள்ளைக் கூரை

கிளிநொச்சியில் இருந்து இடம்பெயர்ந்தபோது வீட்டுக் கூரைத் தகரத்தையும் கழற்றிக்கொண்டுதான் மல்லாவிக்கு வந்தோம். அதைப் போட்டுக் கொட்டில் கட்டியதில் அப்பாவுக்குப் பெருமை. வெயில் ஏறியதும் அந்தப் பெருமையோடு நாங்களும் வெந்தோம். சுற்றிலும் கொட்டிலோடு கொட்டில். நிழல் தந்த மரமெல்லாம் விறகாகிவிட்டது. ஊரே வந்து குவிந்ததில் கூரைக்குப் போடத் தென்னோலைக் கிடுகும் கிடைக்கவில்லை.

தம்பி கைக்குழந்தை. மத்தியானமானால் அவன் உடம்பு கொதிக்கும், பால் குடிக்க மாட்டான். அன்று அழக்கூட இல்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பிள்ளையைக் குளிர்மையான இடத்தில் வைத்திருக்கும்படி ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று சொல்லவில்லை.

மாமாவிடம் யோசனைக்குப் பஞ்சமில்லை. எங்கிருந்தோ சுண்ணாம்பு கொண்டுவந்து கரைத்து, கூரையில் ஏறிப் பூசத் தொடங்கினார். வெள்ளை வெயிலைத் திருப்பி அனுப்பிவிடுமாம். பாதி பூசியதும் உள்ளே சூடு தணிந்தது உண்மை. தம்பி கண்ணைத் திறந்து பால் குடித்தான்.

அப்போதுதான் பக்கத்துக் கொட்டில் அன்ரி வாசலில் வந்து நின்று கத்தினார்.

"உங்களுக்கென்ன விசரே? பொம்மர்காரனுக்குக் கொடி காட்டுறியளோ? விழுந்தால் உங்களுக்கு மட்டுமே விழும்?"

மாமா பதில் சொல்லுமுன் வானத்தில் பொம்மர் விமானம் இரைந்தது. எல்லோரும் பங்கர்க் குழிக்குள் விழுந்தோம். சுண்ணாம்புக் கையோடு மாமா கடைசியாகக் குதித்தார். தம்பியால் எல்லோரும் சாகப்போகிறோம் என்று நினைத்தேன். சத்தம் எங்கள் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றி, ஒருவழியாக விலகியது.

வெளியே வந்ததும் அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு, அழுதபடியே கூரையைக் கழுவப் போனார்.

"கழுவாதேங்கோ," என்றார் அன்ரி. "கழுவினால் பிள்ளை வெந்துபோகும். பொறுங்கோ, வாறன்."

கொஞ்ச நேரத்தில் பழங்கிடுகுகளைத் தலையில் சுமந்துகொண்டு வந்தார். மாமா அவற்றைக் கூரைமேல் பரப்பினார். வெள்ளை மறைந்தது, உள்ளே இன்னும் குளிர்ந்தது. தம்பி நித்திரையானான்.

அதன் பிறகு அன்ரி விடியுமுன் இருட்டிலேயே குளிக்கத் தொடங்கினார். பொம்மருக்குப் பயந்துதான் என்று பிள்ளைகள் நாங்கள் பகிடி பண்ணினோம். அவருடைய கொட்டிலின் பின்னால், குளிக்கிற இடத்தைச் சுற்றி மறைப்பு இல்லாமல் வெறும் தடிகள் மட்டும் நின்றதை நான் தினமும் பார்த்தேன். உடுப்புக் காயப்போட நல்ல இடம் என்றுதான் எனக்குத் தோன்றியது.